பதிவேட்டில் பாவாயி எழுதிய பெயர்

செய்தி வந்தபோது நான் பதிவேட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். கட்டுப்பாட்டு அறையில் காலை ஷிப்ட். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வாசல் காவலர் மேசைத் தொலைபேசிக்கு இணைப்புக் கொடுத்தார். மறுமுனையில் குப்புசாமி, பாவாயியின் அண்ணன். கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்ற ஊரில், அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. பேச வேண்டுமென்றால் மரவள்ளிக் காட்டைத் தாண்டி மேட்டுக்கு ஏறி வரவேண்டும். அந்த நேரத்தில் அவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறார் என்றபோதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாவாயி போயிருச்சுங்க. காத்தால கஞ்சி கேட்டுச்சு. கொண்டாந்து பாத்தா இல்லீங்க," என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீங்க வந்து சேர்ற வரைக்கும் எடுக்க மாட்டமுங்க. அவசரப்படாம வரச்சொல்லி மின்னாடியே சொல்லி வெச்சிருந்துச்சு," என்றார்.

"சரிங்கண்ணா," என்றேன். போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அடுத்த எண்ணை எழுதினேன். அந்த எண்ணைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஆய்வகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்குப் பாவாயி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அவருடைய ஊர்க்காரர்களுக்கு அவர் என்ன வேலை செய்தார் என்பது கடைசிவரை பிடிபடவில்லை என்பது அன்று சாவு வீட்டில் தெரிந்தது. "ராக்கெட்டு ஆபீசுல என்னமோ அடுப்புப் பத்த வெக்கிற வேலைங்க அதுக்கு," என்றார் ஒரு பெரியவர், பக்கத்தில் இருந்தவரிடம். சிரிப்பு வந்தது. இடம் சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

ஒரு விண்கலத்தை ராக்கெட் பூமியை விட்டு எறிந்துவிடும். அதன் பிறகு வேறொரு கோளுக்கோ சிறுகோளுக்கோ போய்ச் சேர, கலம் தானே தன்னைத் தள்ளிக்கொள்ள வேண்டும். எங்கள் எஞ்சின் அதை மின்சாரத்தால் செய்கிறது. சூரியத் தகடுகளிலிருந்து வரும் மின்சாரம் செனான் என்ற வாயுவின் அணுக்களுக்கு மின்னூட்டம் கொடுத்து அசுர வேகத்தில் பின்னால் விரட்டும். கலம் முன்னால் நகரும். இதற்கெல்லாம் தொடக்கம் எஞ்சினின் ஓரத்தில் இருக்கும் சுண்டுவிரல் பருமனான ஒரு குழாய். கேத்தோடு என்போம். அதைப் பக்குவமாகச் சூடாக்கினால் எலக்ட்ரான்களை உமிழும். அது பற்றிக்கொண்டால்தான் எஞ்சின் பற்றும். அந்தக் குழாயைக் கோத்து, சூடாக்கி, பற்றவைத்து, பரிசோதிப்பதுதான் பாவாயியின் வேலை. பதினெட்டு வருடம் அதைத்தான் செய்தார்.

அந்த எஞ்சினின் பலம் எவ்வளவு என்பதை எனக்கு அவர் காட்டியது ஒரு வெண்பொங்கல் தட்டில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருவரும் கேண்டீனில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். நான் என் வழக்கப்படி மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டிருந்தேன். மிளகுக் கொடியின் கீழேயே வளர்ந்தவருக்கு அது பொறுக்குமா? என் தட்டோரத்தில் கிடந்ததை எல்லாம் வழித்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"கனக்குதுங்களா?"

"இல்லீங்க."

"நீங்க வேண்டாம்னு தள்ளுன இந்த மொளகோட இன்னொரு பங்கு சேந்தா என்ன கனமோ, அதுதானுங்க நம்ம எஞ்சினு பலம். அம்புட்டுத்தானுங்க அது தள்ளும். ஆனா நிறுத்தாமத் தள்ளும். மாசக்கணக்கா."

அன்றிலிருந்து நான் மிளகை ஒதுக்குவதில்லை. பிடிக்கவில்லைதான், இருந்தாலும் மென்று விழுங்கிவிடுகிறேன்.

எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவர் மலைமேல், நான் மலையடிவாரம். காரவள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். வரப்பில் நின்றால் கொல்லிமலைதான் தெரியும். அவரை அம்மிணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை ஏனுங்க என்பதோடு சரி. ஊர்ப்பாசத்தால் ஒட்டிக்கொண்டோமே தவிர, குணத்தில் எட்டாத தூரம். எனக்கு எப்போதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நிற்கிற அவசரம். அவரோ ஒரு அளவை மூன்று முறை எடுக்காமல் நகரமாட்டார். அடுத்தவர் எடுத்த அளவை நம்பமாட்டார். கேத்தோடு கோக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் கையை நீட்டச் சொல்லி முகர்ந்து பார்ப்பார். தலைக்கு எண்ணெய் தேய்த்த கை பட்டால் கேத்தோடு கெட்டுவிடும் என்பது உண்மைதான். அதற்காக எங்கள் துறைத்தலைவரையே இரண்டு முறை கை கழுவ அனுப்பியதை நான் இன்னும் சொல்லிச் சிரிப்பதுண்டு. பழகுவதற்குச் சுலபமான மனுஷி இல்லை அவர். இறந்துபோனதால் அதை மாற்றிச் சொன்னால் அவருக்கே பிடிக்காது.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது. நம் ஆய்வகத்தில் சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். முழுதாக இப்போதுதான் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்காவுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துப் பிறந்த பெண். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள் என்பதால் நான் இல்லாமல் சடங்கு இல்லை. சனிக்கிழமை காலையில் குலதெய்வம் கோயிலில் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பஸ். அன்று மதியம்வரை, ஆய்வகத்தில் காற்றை உறிஞ்சியெடுத்துப் பரிசோதிக்கும் வெற்றிடக் கலத்தில் ஒரு கேத்தோடு எரிந்துகொண்டிருந்தது. விண்கலத்தில் போகப்போகிறவற்றுக்கு மாற்றாக வைத்திருந்தது. அணைத்தபின் அது முழுக்க ஆற ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆறிய பிறகுதான் கலத்துக்குள் காற்றை விட வேண்டும். சூடாக இருக்கும்போது காற்றுப் பட்டால், அதில் உள்ள ஈரம் கேத்தோடைத் தின்றுவிடும். இது எங்கள் துறையில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம். திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருவதால் கலத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று நான் ஒப்புக்கொண்டிருந்தேன். அம்மிணியிடம் சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஏன், எதற்கு என்று ஆயிரம் கேள்வி கேட்பாரே என்று சொல்லவில்லை. மூன்று மணிக்கே காற்றை விட்டேன். பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் குழந்தை என் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதது, எல்லோரும் சிரித்தார்கள், நான் இரண்டு கை பொட்டுக்கடலையும் சர்க்கரையும் தின்றேன்.

திங்கட்கிழமை பாவாயி என் மேசைக்கு வந்தார். கையில் வெப்பநிலைக் கோடு அச்சிட்ட தாள். மெதுவாகச் சரிய வேண்டிய கோடு மூன்று மணிக்குச் செங்குத்தாக விழுந்திருந்தது.

"ஏனுங்க, எப்பக் காத்து உட்டீங்க?"

"ஆறுனப்புறந்தாங்க."

"கோடு அப்படிச் சொல்லலீங்களே."

"சென்சார்ல கோளாறா இருக்கும்."

அவர் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். புதன்கிழமை பதிவேட்டில் அவர் கையெழுத்தில் இருந்தது: சூடு ஆறுமுன் காற்று விடப்பட்டது, கேத்தோடு கெட்டது, விட்டவர் பழனிவேல். எங்கள் பதிவேட்டில் தவறுக்கு நேரே யாரும் பெயர் எழுதுவதில்லை. இன்ன கோளாறு, இன்ன நடவடிக்கை என்று முடித்துவிடுவோம். விசாரணை நடந்தது. விண்கலத்துக்குப் போகும் பொருட்களைத் தொடும் வேலையிலிருந்து என்னை எடுத்துக் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றினார்கள். நான் பாவாயியோடு பேசுவதை நிறுத்தினேன். இரண்டு வருடம். கேண்டீனில் அவர் வந்தால் எழுந்து போவேன். ஊர்க்காரி, கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்தேனே, இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் பொருமினேன். கெட்டுப்போன அந்தக் கேத்தோடைத் தூக்கி எறியாமல், அதைத் திரும்பப் பற்றவைக்க முடியுமா என்று அவர் பதினோரு நாள் தனியாக மல்லுக்கட்டியது காதில் விழுந்தது. "கெட்டதத் தூக்கிப் போட்டுட்டா, அது எப்படிக் கெட்டுச்சுன்னு யாருக்குந் தெரியாதுங்க," என்று சொன்னாராம். வேறு வேலை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். நீண்ட விடுப்பில் அண்ணன் வீட்டுக்குப் போனார். நான் போய்ப் பார்க்கவில்லை.

விண்கலம் கிளம்பியது. ஒரு சிறுகோளை நோக்கிய பயணம். சில வாரங்கள் கழித்து மின் எஞ்சினைப் பற்றவைக்கக் கட்டளை அனுப்பினோம். பற்றவில்லை. விண்கலத்திலேயே இருந்த மாற்றுக் கேத்தோடிலும் முயன்றோம். அதுவும் பற்றவில்லை. கிளம்புவதற்கு முன் மழைக்காலத்தில் காத்திருந்தபோது எப்படியோ ஈரம் ஏறியிருக்க வேண்டும் என்பது எங்கள் கணிப்பு. மூன்று வாரத்துக்குள் எஞ்சின் தள்ளத் தொடங்காவிட்டால் கலம் அந்தச் சிறுகோளைப் பிடிக்கவே முடியாது. வெறுமனே சூரியனைச் சுற்றிக்கொண்டு கிடக்கும்.

ஈரம் தின்ற கேத்தோடைத் திரும்பப் பற்றவைத்த குறிப்பு எங்காவது இருக்கிறதா என்று பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. துறைத்தலைவர் அந்தப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார். மேலே என் பெயர். அதன் கீழே பதினோரு நாள் என்னென்ன செய்தார் என்று பாவாயி எழுதியிருந்தது. மெல்லச் சூடாக்குவது, நிறுத்துவது, வெற்றிடமானியின் முள் இறங்கியபின் அடுத்த சூட்டுக்குப் போவது, கடைசியில் பற்றவைத்தது. முள் இறங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் விண்கலத்தில் வெற்றிடமானி கிடையாது. ஈரம் போனதை எப்படித் தெரிந்துகொள்வது? முன்கூட்டிச் சூட்டை ஏற்றினால் கேத்தோடு நிரந்தரமாகப் போய்விடும். பாவாயியைக் கேட்காமல் முடியாது. போனில் பேசிப் புரியவைக்கவும் முடியாது. "யாராவது நேரில் போகணும். மலைக்கு வழி தெரிஞ்சவர் நீங்கதான்," என்றார் தலைவர்.

காரவள்ளியில் பஸ் ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. என்ன பேசுவது என்று வளைவுக்கு வளைவு சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில், வெயில் படும்படி, பாவாயி சுவரில் சாய்ந்திருந்தார். பாதி ஆளாகியிருந்தார். கண் மட்டும் பழைய கண்.

"வாங்க. வளைவுல வாந்தி எடுத்தீங்களா?"

"ரெண்டு தடவைங்க."

"அடிவாரத்துல பொறந்தவருக்கு இதுகூடத் தாங்கலீங்களா?"

நான் பையைத் திறந்து தாள்களை எடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை.

"உங்கக்கா மவளுக்குக் காது நல்லா ஆறிடுச்சுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"உங்க மேசையில அழைப்புப் பத்திரிகை கெடந்துச்சேங்க. தாய்மாமன்னு உங்க பேரக் கொட்ட எழுத்துல போட்டிருந்தாங்க."

"தெரிஞ்சுமா அம்மிணி என் பேர எழுதுனீங்க?"

"தெரிஞ்சதுனாலதான் ரெண்டு நாளு எழுதாம வெச்சிருந்தேன். நீங்களே வந்து எழுதுவீங்கன்னு பாத்தேன். வரலீங்க. அப்படியே உட்டா சென்சாரு மேல பழி போயிரும். அடுத்து வர்றவங்க நல்ல சென்சாரக் கழட்டிப் போட்டுட்டு, கேத்தோடு எதனால கெட்டுச்சுன்னு தெரியாமயே இருப்பாங்க. மெசினுக்கு வாயில்லீங்களே."

பதிவேட்டில் அந்த வரிக்குப் புதன்கிழமைத் தேதி இருந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். திங்கட்கிழமை தெரிந்ததை ஏன் புதன்கிழமை எழுதினார் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை. அங்கேயே அழுதுவிட்டேன். சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. "நாந்தான் பொய் சொன்னேனுங்க," என்றேன், அவருக்குத் தெரியாதது போல.

"சரி சாமி, அழுவாதீங்க. மொதல்ல எஞ்சினப் பாப்போம்," என்றார்.

அண்ணனைப் பரண்மேல் ஏறவைத்து ஒரு பழைய நோட்டை எடுக்கச் சொன்னார். பதினோரு நாளும் பதிவேட்டுக்கு வெளியே தனக்காக எழுதிவைத்திருந்தது. வெற்றிடமானியின் எண்ணுக்குப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டரின் வோல்டேஜையும் எழுதியிருந்தார்.

"மானி இல்லாட்டி என்னங்க, கலத்துலருந்து ஹீட்டரு வோல்டேஜ் வருதில்ல? ஈரம் போயிட்டிருக்கறப்ப அது ஆடும். போயிருச்சுன்னா நின்னுரும். மூணு தடவ அளந்து மூணும் ஒண்ணா இருந்தாத்தான் அடுத்த சூடு. மணியப் பாக்காதீங்க. உங்களுக்கு அவசரஞ் சாஸ்தி."

அந்த நோட்டை வைத்துக்கொண்டு சூடாக்கத் தொடங்கினோம். முதல் படி, இரண்டாம் படி நன்றாகப் போயின. மூன்றாம் படியில் வோல்டேஜ் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். கையில் ஐந்து நாள்தான் மிச்சம். இரண்டு அளவு ஒன்றாக இருக்கிறது, ஏற்றிவிடலாம் என்றார்கள் அறையில் இருந்தவர்கள். கட்டளை அனுப்பும் இருக்கையில் நான் இருந்தேன். "மூணாவது வேற மாதிரி இருக்கு. பொறுங்க," என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அநேகமாக அதுதான் முதல் தடவை. தலைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுநாள் காலை மூன்றும் ஒன்றாக நின்றன. சூட்டை ஏற்றினோம். பற்றவைக்கும் கட்டளை போய்ப் பதில் வர ஒரு நிமிடம் போல ஆனது. திரையில் சுழியாகவே கிடந்த மின்னோட்டம் எண்ணாக மாறியது. யாரோ கத்தினார்கள். நான் தொலைபேசிக்கு ஓடினேன்.

மேட்டில் காத்திருந்த குப்புசாமியிடம் சொன்னேன். அவர் இறங்கிப் போய், தங்கையிடம் சொல்லிவிட்டு, திரும்ப ஏறி வந்து கூப்பிட்டார். "எத்தன ஆம்பியருன்னு கேக்குதுங்க." சொன்னேன். மறுபடி இறங்கி ஏறினார். "மூணு தடவ அளந்தீங்களான்னு கேக்குதுங்க." அளந்தோம் என்றேன். "அளந்திருந்தாச் சரின்னு மின்னாடியே சொல்லிருச்சுங்க, நான் இனி ஏற மாட்டேன்," என்று வைத்துவிட்டார்.

இடையில் ஒருமுறை போய்ப் பார்த்தேன். எஞ்சின் இரண்டு மாதமாக நிற்காமல் தள்ளிக்கொண்டிருப்பதைச் சொன்னேன். "அது போய்ச் சேர்றப்ப நான் இருக்க மாட்டேனுங்க," என்றார். நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். "அதுக்கென்னங்க, தள்ளி உட்டாச்சில்ல," என்றார். கிளம்பும்போது ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். பொங்கலுக்கு என்றார்.

இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தக் காலை. செய்தி கேட்டதும் எழுந்து ஓடவேண்டும் போலத்தான் இருந்தது. பிற்பகல் ஷிப்ட்காரர் வந்து உட்காரும்வரை நான் நகரவில்லை. ஒப்படைப்பதற்கு முன் பக்கத்தைச் சரிபார்த்தேன். போனை வைத்த கையோடு எழுதிய அந்த எண், வாயு ஓட்டத்தின் கட்டத்தில் இருந்தது. எழுதியிருந்ததோ மின்னோட்டத்தின் எண். கணினியில் எல்லாம் சரியாகப் பதிவாகியிருக்கும். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மேலேயே திருத்தி எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

என்னிடம் அவருடைய நோட்டு இல்லை, அது ஆய்வகத்துக்குப் போய்விட்டது. மிளகு தீர்ந்துவிட்டது. மன்னிப்பை நான் கேட்டேனா, அழுகையிலேயே முடித்துவிட்டேனா என்பதுகூட இப்போது நினைவில்லை. அம்மிணியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒன்றுதான். அன்று திரும்ப உட்கார்ந்து, தவறான எண்ணை ஒரே கோட்டால் அடித்துவிட்டு, எதிரே எழுதினேன்: இந்த எண் தவறு. பாவாயி இறந்த செய்தி கேட்ட கையோடு எழுதியது. எழுதியவர் பழனிவேல்.